அஞ்சு என்று எழுதியவள்

சுவரில் ஒட்டுகிற டைலை முகம் பார்த்துத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். நிறம் எடுப்பாக இருக்கிறதா, பளபளப்பு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஓரத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. யாரும் பார்க்காத அந்த இடத்தில்தான் என் பிழைப்பு பல வருஷம் ஓடியது. அதனால்தானோ என்னவோ, என்னைப் பார்க்காமல் போகிறவர்கள் மேல் எனக்குச் சட்டென்று கோபம் வரும்.

எங்கள் ஷெட் சித்தூருக்கும் குடிபாலாவுக்கும் நடுவே, வேலூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே மிஷின் டைல் கிடையாது, எல்லாம் கைவேலை. மண்ணை மர அச்சில் அடித்து எடுத்து, நிழலில் காய வைத்து, சூளையில் ஒரு தடவை சுட்டு, மேலே கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சைப் பூசி மறுபடியும் சுட வேண்டும். அச்சில் அடிப்பது ஆண்கள். ஓரம் பார்ப்பது நாங்கள். இதிலும் யாருக்குக் கூலி அதிகம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அச்சிலிருந்து வந்த டைலின் ஓரம் பிசிறடித்துக்கொண்டு இருக்கும். பாதி காய்ந்த பதத்தில் அதைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் நீவி விட வேண்டும். கை கொஞ்சம் அழுத்தினால் மூலை தேய்ந்து, குளித்துக் கரைந்த சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். அழுத்தாமல் விட்டால் சுட்ட பிறகு தொடுகிறவன் கையைக் கிழிக்கும். கிளேஸ் பூசிய பிறகு ஓரத்தில் வழிந்ததைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். துடைக்காமல் உள்ளே வைத்தால் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது உடைந்து வரும்.

இதில் தனி ரகம் ஒன்று உண்டு. சுவர் திரும்புகிற மூலையில் வைப்பதற்கான டைல். மூலையில் அதன் ஓரம் வெளியே தெரியும் என்பதால் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் சின்ன பிரஷ்ஷால் கிளேஸ் ஏற்ற வேண்டும். ஏற்றிய பக்கம் சூளையில் எதன் மேலும் படாமல் நிற்க வேண்டும். அது என் வேலை. வேறு யார் செய்தாலும் எனக்குப் பிடிக்காது. நான் செய்த ஓரத்தில் விரலை வைத்து இழுத்தால் முகம் எங்கே முடிந்தது, ஓரம் எங்கே ஆரம்பித்தது என்று தெரியாது. தற்பெருமை என்றால் தற்பெருமைதான். வேறு எதைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு இடம் கொடுத்தார்கள்?

ஓரத்துக்கு எங்கள் ஷெட்டில் அஞ்சு என்று பெயர். அது தெலுங்குச் சொல். முதலாளி தெலுங்கு, சூப்பர்வைசர் தெலுங்கு, ஆகவே மண்ணிலிருந்து சூளை வரைக்கும் எல்லாவற்றுக்கும் தெலுங்குப் பெயர்தான். 'அஞ்சு தொடச்சியா, அஞ்சு பூசியாச்சா' என்று நாங்கள் தமிழில் பேசும்போதும் அதே சொல்தான் வரும். ஓரம் என்ற வார்த்தையே எனக்கு மறந்துபோயிருந்தது. தெலுங்குக்காரர் வாயில் அந்தச் சு கொஞ்சம் அழுத்தமாக விழும். தமிழில் எழுதினால் அந்த அழுத்தமெல்லாம் காணாமல் போய், நாலுக்கு அடுத்து வருகிற அஞ்சாகவே நிற்கும். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஷெட்டில் யாருக்குமே தோன்றவில்லை.

நான் படித்தது எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில். அதற்கு மேல் படிக்கத் தெலுங்கு மீடியம்தான், நான் போகவில்லை. தெலுங்கு மழையாகப் பேசுவேன், எழுத்து வராது. என் வீட்டுக்காரரும் அதே பள்ளிதான், அதே வாத்தியார்தான். அவர் மேலே போய்த் தெலுங்கும் கற்றுக்கொண்டார். எங்களைச் சித்தூரில் அரவோள்ளு என்பார்கள், தமிழாட்கள் என்று அர்த்தம், சொல்கிற தோரணையில் வேறு அர்த்தமும் இருக்கும். காட்பாடிக்குப் போனால் கொல்ட்டி, தெலுங்காட்கள் என்று கேலி. இரண்டு பக்கமும் பெயர் வைக்க மட்டும் முந்திக்கொண்டு வந்தார்கள்.

என் வீட்டுக்காரர் திருப்பதியில் டைல் ஒட்டுகிறவர். அங்கேயே மற்ற ஆட்களோடு ரூம் எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருவார். பல வருஷம் வேறொரு மேஸ்திரியின் கீழே இருந்தார். வேலை இவர் செய்வார், பெயர் அவனுக்குப் போகும். ஊருக்கு வரும்போதெல்லாம் இவருக்கு அதே புலம்பல்தான். பிறகு அலிபிரி போகிற வழியில் புதிதாக ஒரு ஓட்டல் எழும்பியது. அதன் வாசல் ஹாலில் இருக்கிற பெரிய சுவரை ஒட்டித் தர இவரையே மேஸ்திரியாகப் போட்டார்கள். அதே ஓட்டல்காரர் தடாவில் இன்னொரு கட்டடம் ஆரம்பிக்கப்போகிறார். இந்தச் சுவர் பிடித்துவிட்டால் அதுவும் இவருக்குத்தான் என்று பேச்சு.

"இது மட்டும் நல்லா வந்துட்சுனா தடாவும் நம்மளுதுமே. அப்புறம் நான் எவங்கிட்டயும் போய் கைகட்டிக்கினு நிக்க மாட்டேன்" என்றார்.

அந்தச் சுவருக்கு டைல் எங்கள் ஷெட்டிலிருந்துதான் போனது. யாரும் சிபாரிசு செய்யவில்லை. கட்டடத்தை வரைந்த அம்மா எங்கள் டைலைப் பார்த்து எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். மயில் கழுத்து நிறம். நடுவில் இரண்டு தூண், சுவர் அவற்றைச் சுற்றித் திரும்பும். மூலையில் ஸ்டீல் பட்டை எதுவும் வைக்காமல் டைலோடு டைல் சேர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதாவது மூலையெல்லாம் என் கை பட்ட ஓரம். அவர் ஒட்டுவார், நான் முடித்த ஓரம் அவர் விரலுக்கடியில் போய்ச் சேரும். இதை நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் இரண்டு பேர் வேலையும் ஒரே இடத்தில் நிற்கப்போவது அதுதான் முதல் தடவை. அப்படியெல்லாம் சந்தோஷப்பட்டதற்கு இப்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம்.

பெட்டி கட்டுகிற அன்றைக்கு, மூலை டைல் தனியாக இருக்கட்டும், சாதா டைலோடு கலக்க வேண்டாம், மேலே எழுது என்றார் சூப்பர்வைசர். மார்க்கரை எடுத்து ஒவ்வொரு பெட்டியின் மேலும் பெரிதாக 'அஞ்சு' என்று எழுதினேன். எனக்குத் தெரிந்த எழுத்தில்தானே எழுத முடியும்.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "ஏம் ராசாவு?" என்று கேட்டார், என்ன எழுதினாய் என்று.

"அஞ்சு சார்" என்றேன்.

"கரெக்ட்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் அது கரெக்ட், எனக்கும் கரெக்ட். பெட்டிகள் வண்டி ஏறின.

அங்கே பெட்டி இறக்கியவர்கள் திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள். புதிதாக வந்தவர்கள், தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் தமிழ் படிப்பார்கள். மற்ற பெட்டிகளின் மேல் எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று எண் போட்டிருந்தது. இதன் மேல் அஞ்சு என்று இருந்தது. அஞ்சாவது மாடியில் சாப்பாட்டு ஹாலுக்கு வெளியே கை கழுவுகிற இடத்துக்கும் இதே நிறத்து டைல்தான். அவர்கள் என்ன செய்வார்கள்? தூக்கிக்கொண்டு போய் அஞ்சாவது மாடியில் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஒட்டுகிற பேஸ்ட் வாங்க ரேணிகுண்டா போயிருந்தார். மேலே வேறு ஆட்கள் ஒட்டினார்கள். கீழே இவர் சமமான இடங்களை முடித்துவிட்டு, மூலையைக் கடைசிக்கு வைத்திருந்தார். மூலைக்கு வந்தபோது டைல் இல்லை.

மூலை டைல் அனுப்பவேயில்லை என்று அவர் போன் பண்ணியது எங்கள் முதலாளிக்கு. எனக்கு இல்லை. முதலாளி ஷெட்டுக்கு வந்து கத்தினார். நான் கட்டினேன், என் கையால் கட்டினேன் என்று சொன்னேன். "அப்படீன்னா நீயே போய் எடுத்துக் காட்டு" என்று தெலுங்கில் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். கோபம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நல்ல புடவை கட்டிக்கொண்டுதான் போனேன். சுவரைப் பார்க்கப்போகிறேன். அவர் மேஸ்திரியாக நிற்கிற இடத்தைப் பார்க்கப்போகிறேன். நாலு பேர் நடுவில், இவள்தான் என் சம்சாரம், ஓரமெல்லாம் இவள் போட்டதுதான் என்று அவர் சொன்னால் எப்படி இருக்கும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

சுவர் நன்றாக இருந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கை சுத்தமான கை. ஆனால் தூண் திரும்புகிற இடத்தில், சோதனைக்காக வைத்துப் பார்த்த சாதா டைலின் சிவப்பு மண் பளிச்சென்று தெரிந்தது. பட்டுப் புடவைக்கு ஓரம் அடிக்காமல் விட்ட மாதிரி இருந்தது. அவர் சைட் இஞ்சினியரோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி சுவரைப் பார்த்தார். வேலை நேரம், மனுஷனுக்கு ஆயிரம் தலைவலி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஷெட்டிலிருந்து வந்திருக்கிறேன், பெட்டிகள் எங்கே இறக்கினார்கள் என்று தெலுங்கில் கேட்டேன். இறக்கிய ஆட்களைக் கூப்பிட்டார்கள். பெட்டி மேல் அஞ்சு என்று எழுதியிருந்ததே, அது எங்கே என்று அவர்களிடம் தமிழில் கேட்டேன்.

"அஞ்சுதானக்கா, அஞ்சாவது மாடிக்கு ஏத்திட்டமே" என்றான் ஒருவன், நல்ல வேலை செய்தவன் முகத்தோடு.

எல்லோருமாக மேலே ஏறினோம். கை கழுவுகிற சுவர் முழுக்க என் மூலை டைல். ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டி, நடுவில் வெள்ளைச் சிமெண்டு நிரப்பியிருந்தது. பிரஷ் பிடித்துப் பிடித்து நான் ஏற்றிய பளபளப்பு எல்லாம் அந்தச் சிமெண்டுக்குள் புதைந்துகிடந்தது. பெயர்த்தால் உடையும். புதிதாகச் செய்தால் இன்னொரு சூளையில் அதே நிறம் வராது, கைவேலையின் லட்சணம் அது. திறப்பு விழாவுக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது.

காலியான பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. இஞ்சினியர் அதை எடுத்து என் எழுத்தைப் பார்த்தார். இது என்ன பாஷை என்று பொதுவாகக் கேட்டார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி, இதி சதவடம் ஒச்சா நீக்கு?" இதைப் படிக்க வருமா உனக்கு என்று கேட்டார்.

அவர் அட்டையைப் பார்த்தார். ஒரே வாத்தியார் கையைப் பிடித்து எழுதவைத்த எழுத்து அது. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு அவர் எனக்கு எழுதிக் கொடுத்தனுப்பிய சீட்டிலும் இதே எழுத்துதான் இருந்தது.

"ராது சார்" என்றார். வராது.

"ஈமெ எவரு? மீவாள்ளா?" இந்த அம்மா யார், உங்க ஆளா?

"காது சார். ஷெட்டு மனிஷி. நாக்கு தெலியது."

இல்லை, ஷெட்டிலிருந்து வந்த ஆள், எனக்குத் தெரியாது. அதோடாவது நிறுத்தினாரா? படிக்காத ஜனங்கள் சார், இப்படித்தான் எழுதிவைப்பார்கள் என்று அவர் தெலுங்கில் சேர்த்துச் சொன்னார். என்ன சுத்தமான தெலுங்கு. கேட்பவர்கள் சொந்த ஊர் கடப்பாவா கர்னூலா என்று கேட்பார்கள்.

எனக்கு வாய் இருந்தது. தெலுங்கும் இருந்தது. தாலியை எடுத்துக் காட்டி, இதைக் கட்டியவன் யார் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அங்கேயே அவர் மேஸ்திரித்தனம் முடிந்திருக்கும். கேட்கவில்லை. தப்பு ஷெட்டுடையது என்று இஞ்சினியர் எங்கள் முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னார். தூண் மூலைக்கு ஸ்டீல் பட்டை வைத்து மூடிவிடலாம் என்று முடிவானது. மேஸ்திரி மேல் எந்தக் குறையும் இல்லை.

கீழே வந்தபோது அவர் பட்டைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. பெட்டி ஏற்றிய அந்தத் திருவண்ணாமலைப் பையன்களில் ஒருவன்தான் ஓடிவந்து டீ வாங்கிக் கொடுத்தான். "மனசுல வச்சுக்காதீங்கக்கா, எங்க மேலயும் தப்பு இருக்கு" என்றான். யாரோ பெற்ற பிள்ளை. அவனுக்கு நான் யார் என்று தெரியாது, தெரியாமலேயே அக்கா என்றான். பஸ்ஸில் சித்தூர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், மலைக்குப் போய் தரிசனம் கிடைக்காமல் திரும்புகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள்.

ஷெட்டில் என்னை ஓரத்து வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மண் சலிக்கப் போட்டார்கள். பிரஷ் வேறொருத்தி கைக்குப் போனது. அவள் பூசுகிற ஓரம் எப்படியிருக்கிறது என்று நான் இன்றுவரை போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோழிக்கறியோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தடா வேல வந்துட்சுமே!" என்றார் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே.

சமைத்தேன். மத்தியானம் இலையைப் போட்டுப் பரிமாறினேன். பாதி தின்னும்வரைக்கும் பொறுத்தேன்.

"அன்னிக்கி இன்னாத்துக்கு மாமா என்னத் தெரியாதுன்ன?"

அவர் சாப்பிடுகிற கையை நிறுத்தவில்லை. இந்தக் கேள்விக்குத் தயாராகத்தான் வந்திருந்தார் போலிருக்கிறது. "இன்னாமே நீ, புரியாத பேசிக்கினு கீற. உம் பேரு கெட்டா ஷெட்டுல ரெண்டு திட்டு. எம் பேரு கெட்டா தடாவே பூட்ச்சு. பொண்டாட்டி பண்ண தப்புன்னு தெரிஞ்சா எனக்கு எவன் வேல குடுப்பான்? யோசிச்சித்தான் சொன்னேன்."

நியாயம் மாதிரிதான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"செரி, எழுத்து படிக்க வராதுன்னியே. அதுக்கு இன்னா யோசன?"

அவர் சிரித்தார். குழந்தைக்கு விளக்குகிற மாதிரிச் சொன்னார். "அங்க ஒர்த்தனுக்கும் தெரியாதுமே நான் தமிழுன்னு. தெரிஞ்சா லேபரு கூட்டத்தோட சேத்துடுவானுங்க, மேஸ்திரின்னு மதிக்க மாட்டானுங்க. நம்ம ஊரக்கூட சொல்றதில்ல. சித்தூரு டவுனுன்னு சொல்லிக்கினு கீறேன்."

"கண்ணாலம் ஆனதயாச்சும் சொல்லிக்கீறியா?"

"அத்த சொல்லாம? கேட்டா ஆச்சும்பேன்."

"பொண்டாட்டி எந்தூருன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க. மதனப்பள்ளின்னுடுவேன், அது தெலுங்கு ஊராச்சே" என்றார். "கொஞ்சம் கொழம்பு ஊத்துமே."

"எத்தினி நாளா?"

"மொதல்லேர்ந்துதான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு அஞ்சாவது மாடியில் இஞ்சினியர் கேட்டு வாய் மூடுவதற்குள் இவர் பதில் சொன்னார். யோசிக்கிறவன் அவ்வளவு சீக்கிரம் சொல்லமாட்டான். மாட்டிக்கொண்ட பயத்தில் ஒரு பொய் வாயில் வந்துவிட்டது என்றால் நாலு நாள் சண்டை போட்டுவிட்டு விட்டிருப்பேன். இது பயத்தில் வந்தது இல்லை. தினமும் சொல்வதைத்தான் அவர் அன்றைக்கும் சொன்னார். என்ன, அன்றைக்கு நான் எதிரில் நின்றேன்.

தடா வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அவருக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள், பைக் வாங்கியிருக்கிறார். ஊரில் என்னை மேஸ்திரி பொண்டாட்டி என்கிறார்கள், கேட்டால் காது கூசுகிறது. அவர் மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. வேலை செய்துகொண்டிருக்கும்போதே சில நேரம் அவர் சொல்லிவைத்திருக்கிற அந்த மதனப்பள்ளிக்காரி ஞாபகம் வந்துவிடும். அவள் தெலுங்கு எழுதுவாள், பெட்டி மேல் சரியாக எழுதியிருப்பாள், நாலு பேர் முன்னால் அவளை இவர் என் சம்சாரம் என்றும் சொல்வார். எனக்கு மதனப்பள்ளியில் சொந்தம் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. அந்த ஊரை நான் பார்த்ததுகூட இல்லை.